‘தி இம்போஸ்டர்’ பார்த்து முடித்ததும் எழும் கேள்விகள்

‘தி இம்போஸ்டர்’ 2012-ல் வந்த பிரிட்டிஷ் ஆவணப்படம். இயக்கியவர் பார்ட் லேட்டன். காணாமல் போன ஒரு பையனின் இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்துகொண்ட உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறது. இதைப் பார்த்தவர்களோடு பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

படத்தின் முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது. பையனின் குடும்பத்தாருடைய பெயர்களை எழுதவில்லை. அவர்கள் மீது எந்த வழக்கும் போடப்படவில்லை. அம்மா, அக்கா, அண்ணன் என்றாலே இங்கே போதும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1994 ஜூன் மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரில் நிக்கோலஸ் பார்க்ளே என்ற 13 வயதுப் பையன் காணாமல் போனான். மூன்று வருடம் கழித்து, 1997 அக்டோபரில், அவன் ஸ்பெயினில் இருப்பதாக வீட்டுக்குத் தகவல் வந்தது. அக்கா விமானம் ஏறிப் போய்க் கூட்டி வந்தார். வந்தவர் நிக்கோலஸ் இல்லை. பிரெடெரிக் பூர்தான் என்ற 23 வயது பிரெஞ்சுக்காரர். ஏறக்குறைய ஐந்து மாதம் அந்தக் குடும்பத்தோடு மகனாக, தம்பியாக வாழ்ந்தார். பள்ளிக்கூடத்துக்கும் போனார். 1998 மார்ச்சில் கைதானார்.

படத்தில் பேசுபவர்கள் நடிகர்களா, உண்மையான ஆட்களா?

கேமராவைப் பார்த்துப் பேசுபவர்கள் எல்லோரும் உண்மையான ஆட்கள்தான். பூர்தானே வந்து பேசுகிறார். நிக்கோலஸின் அம்மா, அக்கா, எஃப்.பி.ஐ. அதிகாரி நான்சி ஃபிஷர், தனியார் துப்பறிவாளர் சார்லி பார்க்கர் ஆகியோரும் அவரவராகவே வருகிறார்கள். நடந்ததை நடித்துக் காட்டும் காட்சிகளில் மட்டும் நடிகர்கள். அந்தக் காட்சிகளில் பூர்தானாக வருபவர் ஆடம் ஓ’பிரையன்.

குழப்பம் வரக் காரணம் உண்டு. பேட்டியில் பூர்தான் சொல்லும் வாக்கியம் சில இடங்களில் அப்படியே நடிகரின் வாயசைவுக்குத் தாவிவிடும். எது நினைவு, எது நடிப்பு என்று பிரிக்க முடியாத மாதிரி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். இதைப் பற்றிக் கீழே இன்னும் பேசுகிறேன்.

நிக்கோலஸ் எப்படிப்பட்ட பையன்?

படத்தில் குறைவாகவே பேசப்படுவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பொன்னிறத் தலைமுடி, நீலக் கண்கள். 13 வயதுக்குள் உடம்பில் சிறு சிறு பச்சை குத்திக்கொண்டவன். வீட்டிலும் பள்ளியிலும் தகராறு, போலீஸ் வரை போன சேட்டைகள். அவனைச் சிறார் இல்லத்துக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய நீதிமன்ற விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. காணாமல் போன அன்று நண்பர்களோடு கூடைப்பந்து விளையாடிவிட்டு, தன்னை வண்டியில் வந்து அழைத்துப் போகச் சொல்லி வீட்டுக்குப் போன் செய்தான். அம்மா இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். போனை எடுத்தது, அவனைவிடப் பல வயது மூத்த அண்ணன். அம்மாவை எழுப்ப முடியாது, நடந்தே வா என்றாராம். அதன்பின் நிக்கோலஸை யாரும் பார்க்கவில்லை.

ஏற்கெனவே வீட்டைவிட்டு ஓடிப்போய்த் திரும்பிய பழக்கம் அவனுக்கு இருந்தது. ‘சேட்டைக்காரப் பையன், தானாக வருவான்’ என்று நினைக்க அது இடம் கொடுத்தது. இப்படி ஒரு பெயர் வாங்கிவிட்ட பிள்ளையைத் தேடும் வேகம் குறைந்துவிடும். இந்தப் படம் முழுவதிலும் என்னை மிகவும் உறுத்தும் விஷயம் அதுதான்.

ஸ்பெயினில் இருந்த பிரெஞ்சுக்காரருக்கு டெக்சாஸ் பையனின் பெயர் எப்படிக் கிடைத்தது?

பூர்தானுக்கு இது முதல் தடவை இல்லை. ஐரோப்பாவில் பல நாடுகளில், பெற்றோர் இல்லாத சிறுவன் என்று சொல்லிக் காப்பகங்களில் தங்குவதே அவர் வாழ்க்கையாக இருந்தது. ஸ்பெயினின் லினாரெஸ் ஊர்க் காப்பகத்தில் அது முடியவில்லை. யார் என்று நிரூபி, இல்லையென்றால் கைரேகை எடுப்போம் என்று நெருக்கினார்கள். கைரேகை எடுத்தால் பழைய கதை எல்லாம் வெளியே வந்துவிடும்.

அப்போதுதான் நான் ஒரு அமெரிக்கன் என்று சொன்னார். அமெரிக்காவில் நேரம் வேறு, இரவில்தான் வீட்டுக்குப் பேச முடியும் என்று காரணம் சொல்லி, காப்பக அலுவலகத்தில் போனோடு தனியாக இருக்க அனுமதி வாங்கினார். பிறகு அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கு, காப்பகத்து அதிகாரி பேசுவது போலப் பேசினார். இந்த மாதிரி ஒரு பையன் இங்கே கிடைத்திருக்கிறான், உங்கள் பட்டியலில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். தேடிப் பார்த்து நிக்கோலஸ் பெயரைச் சொன்னது அந்த மையம்.

பையனின் பெயரைத் தேர்ந்தெடுத்தது பூர்தான் இல்லை. உதவி செய்வதாக நினைத்து நல்ல மனிதர்கள் அவர் கையில் கொடுத்த பெயர் அது.

கண் நிறம்கூடப் பொருந்தவில்லையே, அதை எப்படிச் சமாளித்தார்?

முதலில் ஃபேக்ஸில் வந்த நிக்கோலஸின் படம் கறுப்பு வெள்ளை. அதைப் பார்த்துத்தான் ‘இவன்தான்’ என்று சொல்லிவிட்டார். பிறகு வண்ணப் படம் வந்தது. நீலக் கண். பூர்தானுக்குப் பழுப்புக் கண், கறுத்த தாடி மயிர், பேச்சில் பிரெஞ்சு வாடை. பின்வாங்க வழி இல்லை. தலைமுடிக்குச் சாயம் ஏற்றினார், நிக்கோலஸுக்கு இருந்தது போலப் பச்சை குத்திக்கொண்டார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்துத் துணி, கையுறை என்று உடம்பில் பாதியை மூடிக்கொண்டார்.

கண்ணுக்கு ஒரு கதை சொன்னார். தன்னைக் கடத்தியவர்கள் ரசாயனம் செலுத்திக் கண் நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்றார். பாலியல் கொடுமை நடந்தது, ஆங்கிலம் பேசினால் அடித்தார்கள், அதனால் பேச்சே மாறிவிட்டது என்றார். அந்தக் கதையில் ஒரு தந்திரம் இருக்கிறது. இவ்வளவு கொடுமை அனுபவித்ததாகச் சொல்லும் ஒரு பிள்ளையிடம் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்பதற்கே கூச்சமாக இருக்கும்.

சரி, சொந்த அக்காவுக்குத் தம்பியைத் தெரியாதா? எப்படி நம்பினார்கள்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பலர் இதைக் கேள்வியாகக் கேட்பதில்லை, தீர்ப்பாகவே சொல்லிவிடுகிறார்கள்.

அக்காவின் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். மூன்று வருடமாக, தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். செத்துப்போனால் அழுது முடிக்கலாம். காணாமல் போனால் அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. அப்படி இருக்கும்போது ஒரு நாள், உன் தம்பி கிடைத்துவிட்டான் என்று போன் வருகிறது. சொல்வது ஒரு தெருக்காரர் இல்லை, காணாமல் போன குழந்தைகளுக்கான மையமும் வெளிநாட்டு அதிகாரிகளும். அதாவது, அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே ‘இவன் நிக்கோலஸ்தானா?’ என்ற கேள்வி முடிந்துபோயிருந்தது. ‘பாவம், என்ன ஆகிவிட்டான்!’ என்பது மட்டும்தான் மிச்சம்.

13 வயதுப் பையன் 16 வயதில் அடையாளம் தெரியாமல் வளர்ந்திருப்பான் என்பதும் இயல்புதான். ஸ்பெயினில் அவர் ‘தம்பி’க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று குடும்பப் படங்களைக் காட்டி, இது இன்னார், இது இன்னார் என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு தூதரக அதிகாரி படங்களைக் காட்டிக் கேட்டபோது பூர்தான் கடகடவென்று சொல்லிவிட்டார். பாடம் நடத்தியதே அக்காதான், ஆனால் அது பாடம் என்று அவருக்கே தெரியாது.

முதல் தடவை பார்த்தபோது நானும் ‘இது எப்படிச் சாத்தியம்?’ என்று கோபப்பட்டேன். மூன்றாம் தடவை பார்க்கும்போது, அந்த விமான நிலையக் காட்சியில் அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தைக் கேள்வி கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும் என்று தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான விளக்கமும் இருக்கிறது. அது கீழே வருகிறது.

அமெரிக்கத் தூதரகம் பாஸ்போர்ட் கொடுத்ததே, அவர்கள் சோதிக்கவில்லையா?

இவன் என் தம்பி என்று அக்கா சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார். அதன் பேரில்தான் பாஸ்போர்ட் கிடைத்தது. ரத்த உறவு வந்து நேரில் சொன்னால் அதற்கு மேல் என்ன சாட்சி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். டெக்சாஸில் இந்த வழக்கைக் கையாண்ட எஃப்.பி.ஐ. அதிகாரி ஃபிஷரும் முதலில் இவரைக் கடத்தலுக்கு ஆளான பையனாக நினைத்துத்தான் விசாரித்தார். குடும்பம் அதிகாரிகளை நம்பியது, அதிகாரிகள் குடும்பத்தை நம்பினார்கள். நடுவில் பூர்தான் நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் யார்தான் கண்டுபிடித்தது?

இரண்டு பக்கத்தில் இருந்து சந்தேகம் வந்தது.

ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இந்தப் பையனைத் தேடிப் போன சார்லி பார்க்கர், வீட்டில் மாட்டியிருந்த நிக்கோலஸின் பழைய படத்தைப் பார்த்தார். நீலக் கண். எதிரே இருப்பவருக்குப் பழுப்புக் கண். பிறகு இரண்டு பேரின் காதுகளையும் படத்தில் ஒப்பிட்டார். பொருந்தவில்லை. அதற்குப் பிறகு அவர் இதை விடவே இல்லை.

இன்னொரு பக்கம், ஹூஸ்டனில் குழந்தைகள் மனநல மருத்துவர் புரூஸ் பெர்ரி இவரைப் பார்த்தார். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்து 13 வயது வரை வளர்ந்த பிள்ளைக்கு மூன்று வருடத்தில் இப்படி ஒரு அந்நிய உச்சரிப்பு வராது என்றார். மனம் உடைந்தாலும் நாக்கு தாய்மொழியை மறப்பதில்லை. ஃபிஷரின் பார்வையை மாற்றியது அதுதான்.

1998 பிப்ரவரியில் கைரேகையும் ரத்த மாதிரியும் எடுக்க நீதிமன்ற ஆணை வாங்கினார்கள். இன்டர்போல் வழியாகக் கைரேகை அடையாளம் தெரிந்தது. லினாரெஸில் எதற்குப் பயந்து இந்தக் கதையை ஆரம்பித்தாரோ, கடைசியில் அதுவே நடந்தது.

காதை வைத்து ஆளை அடையாளம் காண முடியுமா?

ஓரளவு முடியும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் போலீஸில் இருந்த அல்ஃபோன்ஸ் பெர்டியோன், குற்றவாளிகளின் உடல் அளவுகளோடு காதின் வடிவத்தையும் பதிவு செய்தார். வளர்ந்தாலும் காதின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. கைரேகை அளவுக்கு அதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை என்பதும் உண்மை. பார்க்கருக்கு அது சந்தேகத்தை உறுதியாக்கிக்கொள்ள உதவியது, அவ்வளவுதான்.

அம்மா ரத்தம் கொடுக்க மறுத்தது ஏன்?

வந்தவர் மகன்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவிடமும் ரத்த மாதிரி கேட்டார்கள், அவர் மறுத்தார். படத்தில் ஃபிஷர் இதை விவரிக்கும் இடம் பலரை உலுக்கிவிடுகிறது. மறைக்க எதுவும் இல்லையென்றால் ஏன் மறுக்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இன்னொரு வழியிலும் யோசிக்கலாம். அந்தச் சோதனை முடிந்தால் மகன் மறுபடியும் காணாமல் போவான். உள்ளுக்குள் சந்தேகம் இருந்தாலும், அதை உறுதி செய்யும் தாளைக் கையில் வாங்க ஒரு தாய் தயங்கலாம். இந்த இரண்டில் எது சரி என்று படம் நிரூபிக்கவில்லை.

என்ன தண்டனை கிடைத்தது? அடையாளத் திருட்டு என்று வழக்குப் போடவில்லையா?

1998 செப்டம்பரில் பூர்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். போலி ஆவணங்கள் பெற்றது, பொய்ச் சத்தியம் செய்தது ஆகியவைதான் குற்றச்சாட்டுகள். ஆறு வருடச் சிறை. வழக்கமான அளவுகோலைவிட அதிகமான தண்டனை அது. குடும்பத்துக்குச் செய்த கொடுமையை நினைத்துத்தான் நீதிபதி அப்படிக் கொடுத்தார்.

அமெரிக்காவில் அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாக ஆக்கிய கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தானது 1998 அக்டோபர் 30-ல். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட அடுத்த மாதம். ஒரு பையனின் பெயர், வயது, அறை, குடும்பம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர் மீது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பொய் சொன்னதாகத்தான் வழக்குப் போட முடிந்தது.

பணத்துக்காகச் செய்தாரா?

இல்லை. அந்தக் குடும்பத்திடம் பெரிய பணமும் இல்லை. பூர்தான் 1974-ல் பாரிஸ் பக்கம் பிறந்தவர். அப்பாவைப் பார்த்ததே இல்லை. வளர்த்தது தாத்தா பாட்டி. தனக்குக் கிடைக்காத பிள்ளைப் பருவத்தை, அன்பைத் தேடித்தான் போனேன் என்கிறார். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் தனக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காக இன்னொரு வீட்டின் காயத்துக்குள் புகுந்துகொண்டார். படத்தில் அவர் தன் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு இரக்கம் வந்தது. அடுத்த நிமிடமே எப்படி ஏமாற்றினேன் என்று கண் மின்னச் சொல்லும்போது அந்த இரக்கம் போய்விட்டது.

குடும்பத்தில் யாரோதான் நிக்கோலஸைக் கொன்றுவிட்டார்கள், அதனால்தான் பூர்தானை ஏற்றுக்கொண்டார்கள் என்று படம் சொல்கிறதா?

படம் அப்படிச் சொல்லவில்லை. பூர்தான் சொல்கிறார். கைதான பிறகுதான் சொன்னார். நான் அவர்களை ஏமாற்றவில்லை, நான் நிக்கோலஸ் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், ஏதோ ஒன்றை மறைக்க என்னைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது அவர் வாதம்.

பார்க்கரும் அதை நம்பினார். சந்தேகம் முக்கியமாக அண்ணன் மேல் போனது. கடைசியாக நிக்கோலஸ் பேசியது அவரோடுதான். பையன் காணாமல் போன சில மாதங்களில், நிக்கோலஸ் வீட்டு வண்டிக் கொட்டகைக்குள் நுழையப் பார்த்தான், என்னைக் கண்டதும் ஓடிவிட்டான் என்று போலீஸுக்குச் சொன்னதும் அவர்தான். ‘தம்பி’ திரும்பி வந்தபோது அவர் ஒதுங்கியே இருந்தார். பூர்தான் கைதான அதே 1998-ல் அவர் போதைப்பொருள் அளவு மீறி இறந்துபோனார். இனி அவரிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

விசாரணை நடந்தது. உடல் கிடைக்கவில்லை, சாட்சி இல்லை, தடயம் இல்லை. யார் மீதும் வழக்கு இல்லை. குடும்பம் இந்தக் குற்றச்சாட்டை முழுவதுமாக மறுக்கிறது.

என் கருத்தைக் கேட்டால்: பூர்தான் சொல்வதை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது, துக்கத்தில் விசித்திரமாக நடந்துகொண்ட ஒரு குடும்பம். துக்கத்தில் நேராக நடந்துகொண்ட குடும்பம் எங்கே இருக்கிறது? கூடவே, சொல்லும் ஆள் யார் என்பதையும் மறக்கக் கூடாது. பொய்யையே தொழிலாக வைத்திருந்தவர், மாட்டிக்கொண்ட பிறகு, தன் குற்றத்தைச் சிறிதாக்கும் ஒரு கதையைச் சொல்கிறார்.

அம்மா பொய் கண்டறியும் சோதனையில் தோற்றார் என்கிறார்களே?

முதலில் தேறினார், பிறகு மறுபடி எடுத்ததில் தோற்றார். அந்தக் கருவி பொய்யைக் கண்டுபிடிப்பதில்லை. இதயத் துடிப்பு, மூச்சு, வியர்வை ஆகியவற்றின் மாற்றத்தை அளக்கிறது, அவ்வளவே. பயம், குற்ற உணர்வு, களைப்பு எல்லாமே அந்த மாற்றத்தைக் கொண்டுவரும். 2003-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட விரிவான அறிக்கையும் இந்தச் சோதனையின் அறிவியல் அடிப்படை பலவீனமானது என்றுதான் சொன்னது. மகனைத் தொலைத்த ஒரு தாயிடம் ‘உன் மகனைப் பற்றி’ என்று ஆரம்பித்தாலே ஊசி துள்ளாதா?

கடைசியில் அந்தக் குடும்பம் முன்பு இருந்த வீட்டுத் தோட்டத்தைத் தோண்டுகிறார்களே, ஏதாவது கிடைத்ததா?

இல்லை.

அப்படியென்றால் இயக்குநர் ஏன் அந்தக் காட்சியோடு முடித்தார்? நம்மைக் குழப்பவா?

என் பார்வையில் படத்தின் மிகப் பெரிய பலமும், நான் சண்டை போடும் இடமும் இதுதான்.

முதல் பாதியில் பூர்தான் கேமராவுக்குள் நேராகப் பார்த்து, நம் கண்ணைப் பார்த்தே பேசுகிறார். நகைச்சுவையாகப் பேசுகிறார். மாட்டிக்கொள்வாரோ என்று நாமே பதறுகிறோம். அதாவது அவர் பக்கம் போய்விட்டோம். அதனால்தான், அவர் குடும்பத்தின் மேல் கை நீட்டியதும் நாமும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்புகிறோம். சான் அன்டோனியோவில் அந்தக் குடும்பத்துக்கு ஐந்து மாதத்தில் நடந்தது, நமக்கு ஒன்றரை மணி நேரத்தில் நடக்கிறது. பார்க்கர் மண்ணைத் தோண்டும்போது ஏதாவது கிடைக்காதா என்று ஏங்குகிறோம் பாருங்கள், அந்த ஏக்கத்தைக் கவனியுங்கள். அது ஒரு குழந்தையின் எலும்புக்கான ஏக்கம்.

இதை உணர வைத்தது பெரிய திறமை. 2013-ல் சிறந்த அறிமுகப் படைப்பாளிகளுக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது லேட்டனுக்கும் தயாரிப்பாளர் டிமிட்ரி டொகானிஸுக்கும் கிடைத்தது நியாயமே. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. படம் பார்த்து எழுந்த பலர் மனதில் அந்தக் குடும்பம் கொலைகாரக் குடும்பம் என்றே பதிந்துவிட்டது. வழக்கே இல்லாத மனிதர்கள் மேல் அப்படி ஒரு நிழல் விழ விட்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். கடைசி இருபது நிமிடத்தில் எது நிரூபணம், எது ஊகம் என்று இன்னும் தெளிவாகக் கோடு போட்டிருக்கலாம்.

விடுதலையான பிறகு பூர்தான் திருந்தினாரா?

உடனே இல்லை. 2003-ல் பிரான்ஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கொஞ்ச நாளிலேயே, 1996-ல் காணாமல் போன இன்னொரு பிரெஞ்சுச் சிறுவன் நான்தான் என்று கிளம்பினார். டிஎன்ஏ சோதனை அதை முடித்துவைத்தது. 2005-ல், 31-ஆம் வயதில், தென்மேற்கு பிரான்ஸின் போ நகரில் 15 வயது ஸ்பானிய அநாதை என்று சொல்லிப் பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பள்ளி ஊழியர் ஒருவர் பார்த்ததால் வெளியே வந்தது. பிறகு கல்யாணம் செய்துகொண்டு குழந்தைகளுக்கு அப்பாவானார்.

காணாமல் போன அந்தப் பிரெஞ்சுச் சிறுவனின் வீட்டுக்கும் ஒரு நாள் நம்பிக்கை வந்து, மறுபடி போயிருக்கும். அதைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

இதற்கு முன்பு இப்படி நடந்திருக்கிறதா?

நிறைய. 16-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் மார்ட்டின் கேர் என்ற விவசாயி ஊரைவிட்டுப் போனார். வேறொருவர் அவர் பெயரில் வந்து மனைவியோடு மூன்று வருடம் வாழ்ந்தார். உண்மையான மார்ட்டின் விசாரணையின்போதே திரும்பி வந்துவிட்டதால் அந்தப் போலி ஆள் மாட்டிக்கொண்டார். 1560-ல் தூக்கிலிடப்பட்டார்.

நிக்கோலஸ் கதைக்கு மிக நெருக்கமானது இங்கிலாந்தின் டிச்போர்ன் வழக்கு. பணக்கார வீட்டு மகன் ரோஜர் டிச்போர்ன் 1854-ல் கப்பலோடு கடலில் மூழ்கிப்போனதாகக் கருதப்பட்டார். அம்மா நம்ப மறுத்து ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் வரை விளம்பரம் கொடுத்தார். அங்கே இருந்து ஒரு கசாப்புக் கடைக்காரர் நான்தான் ரோஜர் என்று வந்தார். ரோஜர் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர், வந்தவருக்குப் பிரெஞ்சே தெரியாது. ரோஜர் பச்சை குத்தியிருந்தார் என்று சாட்சி சொன்னார்கள், வந்தவர் கையில் எதுவும் இல்லை. ஆனாலும் 1867-ல் பாரிஸில் அவரைப் பார்த்த தாய், இவன் என் மகன் என்றார். வந்தவருக்கு 1874-ல் 14 வருடச் சிறை. அதே மொழி, அதே பச்சை, அதே தாய்ப்பாசம். நூற்று முப்பது வருடத்தில் எதுவும் மாறவில்லை.

ஆனால் எல்லாக் கதையும் ஆள்மாறாட்டத்தில் முடிவதில்லை. பாவல் சந்நியாசி வழக்கை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வங்காளத்தின் பாவல் ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909-ல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். 1921-ல் டாக்காவில் திருநீறு பூசிய ஒரு சந்நியாசியைப் பார்த்து, இவர்தான் குமாரர் என்று ஊரே சொன்னது. அக்கா ஏற்றுக்கொண்டார், மனைவி கடைசி வரை ஏற்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த நீதிபதி பன்னாலால் பாசு, 1936-ல் இவர் உண்மையான குமாரர்தான் என்று தீர்ப்பளித்தார். 1946-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும், அதாவது அன்றைய மேல்முறையீட்டின் கடைசி மன்றமும், அதை உறுதி செய்தது. அங்கேயும் காதையும் உடல் தழும்புகளையும் ஒப்பிட்டார்கள். ‘திரும்பி வந்தவன் எப்போதுமே பொய்யன்’ என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இதெல்லாம் அபூர்வம். சாதாரணக் குடும்பங்களில் அடையாளத் திருட்டு நடக்கிறதா?

நடக்கிறது, இவ்வளவு சத்தமில்லாமல். அமெரிக்காவில் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ குழந்தையின் சமூகப் பாதுகாப்பு எண்ணை (அங்கே ஒவ்வொருவருக்கும் அரசு தரும் அடையாள எண்) போட்டுக் கடன் அட்டை வாங்குவது தெரிந்த விஷயம்தான். பிள்ளை பெரியவனாகி முதல் கடனுக்கோ வாடகை வீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் தன் பெயரில் கடன் இருப்பது தெரியும். புகார் கொடுக்க வேண்டுமென்றால் அம்மா மேலோ அப்பா மேலோ கொடுக்க வேண்டும். அதனால் பலர் வாயைத் திறப்பதே இல்லை. 2018 செப்டம்பரில் இருந்து, 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கடன் பதிவைப் பெற்றோர் இலவசமாக முடக்கி வைக்கலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஏமாற்றுவதே பெற்றோராக இருந்தால் அந்தச் சட்டம் உதவாது என்பதுதான் வேதனை.

வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். ரத்தக் காட்சிகள் இல்லை, ஆனால் கடத்தல், பாலியல் கொடுமை பற்றிய பேச்சு இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளோடு பார்த்தால் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

நிக்கோலஸ் கடைசியில் என்னதான் ஆனான்?

கண்டுபிடிக்கப்படவில்லை.

1997 அக்டோபரில் இருந்து 1998 மார்ச் வரை அவனை யாரும் தேடவில்லை. தேடத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள், அவன்தான் வீட்டில் இருக்கிறானே. அதற்குப் பிறகும், யார் அந்த ஏமாற்றுக்காரர், குடும்பம் தெரிந்தே செய்ததா என்ற பேச்சுதான் பெரிதாக நடந்தது. இந்தப் பக்கத்திலும் பூர்தான் பெயர் எத்தனை இடத்தில் வந்திருக்கிறது பாருங்கள்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால், பழைய வீடியோவில் நிக்கோலஸ் வரும் துண்டுகளைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். குட்டையான, துறுதுறுவென்ற பையன். இவ்வளவு பேர் பேசும் அந்தப் படத்தில் அவன் வருவது சில நொடிகள்தான்.